ஆர்னே யாக்கொப்சன்

ஆர்னே எமில் யாக்கொப்சன் (பெப்ரவரி 11, 1902 – மார்ச் 24, 1971) டென்மார்க் நாட்டைச் சேர்ந்த கட்டிடக்கலைஞரும், தளபாட வடிவமைப்பாளரும் ஆவார். நவீன கட்டிடக்கலையை டென்மார்க்கில் வேரூன்றச் செய்தவர்களுள் முதன்மையானவர்களில் ஒருவராக இவர் கருதப்படுகிறார். கோப்பன்ஹேகன் நகரின் மையப் பகுதியில் 1960 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட எஸ்ஏஎஸ் ராயல் ஹோட்டல் இவரது கட்டிடங்களுள் மிகவும் அறியப்பட்டது. இக்கட்டிடத்தின் வெளித்தோற்றம் தொடக்கம் நாற்காலி, விளக்கு, திரைச்சீலை, கதவுக் கைபிடி, உணவு மேசைக் கரண்டி ஈறாகப் பெரும்பாலான எல்லாவற்றையும் யாக்கொப்சனே வடிவமைத்தார். முட்டை நாற்காலி, அன்ன நாற்காலி என்னும் புகழ்பெற்ற இரு நாற்காலிகளும் இந்த ஹோட்டலுக்காக உருவானவையே. ஒரு கட்டிடத்தில் உள்ள அனைத்தும் ஒருவரது கையிலிருந்தே பிறக்க வேண்டும் என்னும் எண்ணம் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கும், அவ்வாறு உருவான ஒன்றைக் காலப்போக்கில் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கும் இவரது வாழ்க்கையும் இந்த ஹோட்டலும் ஒருங்கே எடுத்துக்காட்டாக உள்ளன.

இளமையும் கல்வியும்

யாக்கொப்சன் கோப்பன்ஹேகனில் வசதியான யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் யோகான் யாக்கொப்சன், ஊக்குகள், ஆடைகளில் பயன்படும் அழுத்துப் பொத்தான்கள் முதலியவற்றை மொத்த விற்பனை செய்துவந்த வணிகர். தாயார் பௌலின் வங்கியொன்றில் பணியாற்றியவர். ஓய்வு நேரங்களில் பூக்களை ஓவியமாகத் தீட்டுவதில் ஈடுபாடு கொண்டவர். தாவரங்கள் மீது யாக்கொப்சனுக்கு வாழ்நாள் முழுவதும் இருந்த விருப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

சிறுவயதில், பூவேலைப்பாடுகள் நிறைந்த சுவர்த்தாள் ஒட்டப்பட்டிருந்த தனது அறைச் சுவர்களை இவர் முழுவதும் வெள்ளை நிறத்தால் பூசிவிட்டதாகக் கூறப்படுகிறது. அக்காலத்தில் வீட்டின் உட்புறங்கள் கருமையான நிறங்களாலும், நெருக்கமான அலங்காரங்களாலும் நிறைந்திருப்பதே வழக்கமாக இருந்தது.

நேரும் என்னும் இடத்திலிருந்த விடுதிப் பள்ளியில் பயின்றபோது மோகன்ஸ் லாசன், பிளெமிங் லாசன் ஆகிய சகோதரர்களின் நட்பு இவருக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் இவ்விருவரும் கட்டிடக்கலைஞர்களாகப் புகழ்பெற்றனர். யாக்கொப்சன் ஓவியராகவே வர விரும்பினார். ஆனால், நிலையான வருமானம் தரும் தொழில் ஒன்றை மகன் கற்கவேண்டும் எனத் தந்தையார் கருதினார். இதனால் இவர் கட்டிடக்கலைத் துறையைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தது. எனினும் நீர்வண்ண ஓவியம் தீட்டுவதை இவர் இறுதிவரை கைவிடவில்லை. தனது கட்டிடங்களுக்கான முன்மொழிவுகளையும் பெரும்பாலும் நீர்வண்ணப் படங்களாகவே வரைந்து காட்டினார்.

கொத்து வேலையில் பயிற்சி பெற்ற பின்னர், 1924 ஆம் ஆண்டில் டென்மார்க் அரச நுண்கலைக் கழகத்தின் கட்டிடக்கலைப் பள்ளியில் சேர்ந்தார். கே பிஸ்கர் போன்ற முன்னணிக் கட்டிடக்கலைஞர்கள் அங்கே இவருக்கு ஆசிரியர்களாக இருந்தனர். மாணவராக இருக்கும்போதே, 1925 ஆம் ஆண்டில் பாரிசில் நடைபெற்ற அனைத்துலக அலங்காரக் கலைக் கண்காட்சியில் இவர் வடிவமைத்த நாற்காலி வெள்ளிப் பதக்கம் பெற்றது. அதே கண்காட்சியில் லெ கொபூசியே அமைத்திருந்த காட்சிக்கூடத்தைக் காணும் வாய்ப்பும் இவருக்குக் கிடைத்தது. தொடர்ந்து செருமனிக்குச் சென்று மீஸ் வான் டெர் ரோ, வால்ட்டர் குரோப்பியஸ் ஆகியோரின் புதிய கட்டிடங்களைப் பார்வையிட்டார். தட்டையான கூரை, வெண்ணிறச் சுவர், பெரிய கண்ணாடிப் பரப்பு ஆகியவற்றைக் கொண்ட புதிய கட்டிடக்கலை இவரை ஆழமாகக் கவர்ந்தது. 1927 இல் கல்வியை முடித்துக்கொண்டு, கோப்பன்ஹேகன் நகரக் கட்டிடக்கலைஞர் பௌல் ஓல்சோவின் அலுவலகத்தில் சிறிது காலம் பணியாற்றினார்.

தொடக்ககாலப் பணிகள்

1929 ஆம் ஆண்டில் பிளெமிங் லாசனுடன் இணைந்து இவர் வடிவமைத்த எதிர்கால வீடு, டென்மார்க் கட்டிடக்கலைஞர் சங்கம் நடத்திய போட்டியில் வெற்றிபெற்றது. சுருள் வடிவத் தளப்படத்தைக் கொண்ட இவ்வீடு, கோப்பன்ஹேகனில் நடைபெற்ற கண்காட்சியில் முழு அளவில் கட்டிக் காட்டப்பட்டது. வாகனக் கொட்டில், படகுக் கொட்டில், கூரைமேல் வானூர்தி இறங்கும் தளம், மகிழுந்துகளில் உள்ளவற்றைப் போல் கீழிறக்கக்கூடிய சாளரங்கள், காற்றழுத்தக் குழாய் வழியாகக் கடிதங்களைப் பெறும் வசதி எனப் பல புதுமைகள் அதில் இடம்பெற்றிருந்தன. இதன்மூலம் இளம் வயதிலேயே யாக்கொப்சன் பொதுமக்களிடையே அறிமுகமானார். இக்காலப் பகுதியிலேயே தனக்கெனச் சொந்த அலுவலகத்தையும் தொடங்கினார்.

இதைத் தொடர்ந்து ஓர்ட்ரப் என்னும் இடத்தில் கட்டப்பட்ட ரோதன்போர்க் வீட்டில், வீட்டுடன் சேர்த்து அதற்கான தளபாடங்களையும் பொருத்துகளையும் இவரே வடிவமைத்தார். ஒரு கட்டிடத்தையும் அதனுள் இருக்கும் பொருட்களையும் ஒரே கலைப்படைப்பாகக் கருதும் அணுகுமுறை இவரது பணிகளில் தெளிவாகத் தென்படத் தொடங்கியது இவ்வீட்டிலேயாகும்.

1930களில் கோப்பன்ஹேகனுக்கு வடக்கே கிளாம்பன்போர்க் கடற்கரையில் இவர் அமைத்த கட்டிடங்கள் இவருக்கு நாடளாவிய புகழைத் தேடித்தந்தன. 1932 ஆம் ஆண்டில் பெல்வியூ கடற்குளியல் வளாகம் திறக்கப்பட்டது. நீலக் கோடுகள் கொண்ட உயிர்காப்போர் கோபுரங்கள், உடைமாற்றும் அறைகள், நுழைவுச்சீட்டு வரை இவரது வடிவமைப்பில் உருவாயின. 1934 இல் பெல்லவிஸ்தா என்னும் அடுக்குமாடி வீட்டுத் தொகுதி கட்டி முடிக்கப்பட்டது. வீடுகளிலிருந்து கடலைப் பார்க்கக்கூடிய வகையில் இத்தொகுதி படிப்படியாகப் பின்வாங்கி அமைக்கப்பட்டுள்ளது. 1936 இல் திறக்கப்பட்ட பெல்வியூ அரங்கின் கூரை, கோடைகாலத்தில் வானம் தெரியும்படி திறக்கக்கூடியதாகும்.

பொதுமக்களின் எதிர்ப்பும் இக்காலத்திலேயே இவருக்குப் பழகிவிட்டது. கோப்பன்ஹேகனின் பழைய சதுக்கமான கம்மல்தோர்வில் 1937 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட இவரது ஸ்டெல்லிங் கட்டிடம், பழமையான சூழலுக்குப் பொருந்தாதது எனக் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. எரிக் முல்லருடன் இணைந்து வென்ற ஓர்கூஸ் மாநகர மண்டபப் போட்டியிலும் இத்தகைய நிலை ஏற்பட்டது. முதல் வடிவமைப்பில் கோபுரம் இருக்கவில்லை. மாநகர மண்டபம் என்றால் கோபுரம் வேண்டும் எனப் பொதுமக்கள் வற்புறுத்தியதால், பின்னர் கோபுரம் சேர்க்கப்பட்டதுடன் வெளிப்புறச் சுவர்களுக்கு நோர்வே நாட்டுப் பளிங்குக்கல்லும் பதிக்கப்பட்டது. 1941 இல் திறந்துவைக்கப்பட்ட இக்கட்டிடம் இன்று டென்மார்க்கின் பாதுகாக்கப்பட்ட கட்டிடங்களுள் ஒன்றாகும்.

போரும் சுவீடன் வாழ்க்கையும்

1940 ஏப்பிரலில் நாசி செருமனி டென்மார்க்கை ஆக்கிரமித்தது. 1943 ஒக்டோபரில் டென்மார்க் யூதர்களைக் கைது செய்து நாடுகடத்த முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டபோது, பொதுமக்கள் பலரின் உதவியுடன் 7,000க்கும் மேற்பட்ட யூதர்கள் படகுகள் மூலம் ஓரசுண்ட் நீரிணையைக் கடந்து, நடுநிலை நாடாக இருந்த சுவீடனை அடைந்தனர். யாக்கொப்சனும் இவ்வாறு தப்பியவர்களுள் ஒருவர். விளக்கு வடிவமைப்பாளராகப் புகழ்பெற்ற பௌல் என்னிங்சனும், இருவரின் மனைவியரும் அதே சிறு படகில் உடன் சென்றனர்.

சுவீடனில் கட்டிடப் பணிகள் கிடைப்பது அரிதாக இருந்ததால், யாக்கொப்சன் துணி, சுவர்த்தாள் ஆகியவற்றுக்கான வடிவமைப்புகளில் ஈடுபட்டார். இவரது இரண்டாவது மனைவியான யொன்னா துணி அச்சிடலில் பயிற்சி பெற்றவர். காட்டுப் பூக்கள், இலைகள், புல்வெளிகள் ஆகியவற்றை யாக்கொப்சன் நீர்வண்ணத்தில் தீட்ட, யொன்னா அவற்றைத் துணிகளில் அச்சிட்டார். ஸ்டாக்கோமின் புகழ்பெற்ற பல்பொருள் அங்காடியான நோர்டிஸ்கா கொம்பனியெட் இத்துணிகளை விற்பனை செய்தது. கட்டிடக்கலைஞருக்கு வேலையில்லாத இரண்டு ஆண்டுகள், துணிகளின் நிறம், இழைநயம், வடிவுரு ஆகியவை பற்றிய நேரடியான தொழிலறிவை இவருக்குத் தந்தன. பிற்காலத்தில் ஹோட்டலுக்கான திரைச்சீலைகளையும் தரைவிரிப்புகளையும் தாமே வடிவமைக்க இவ்வறிவு உதவியது.

போருக்குப் பிந்திய காலம்

1945 இல் போர் முடிந்ததும் யாக்கொப்சன் தாயகம் திரும்பினார். கிளாம்பன்போர்க்கில் பெல்லவிஸ்தாவுக்கு அருகே சோகோம் என்னும் வரிசை வீடுகளை இவர் வடிவமைத்தார். மஞ்சள் நிறச் செங்கல்லினாலும் சாய்கூரைகளினாலும் ஆன இவ்வீடுகள், முந்திய வெண்ணிறக் கட்டிடங்களிலிருந்து வேறுபட்டவை. 1950 இல் முதல் தொகுதி முடிவடைந்தபின் அவற்றுள் ஒன்றில் இவரே குடியேறி, இறக்கும்வரை அங்கு வாழ்ந்தார். வீட்டின் சிறிய தோட்டத்தில் பலவகையான தாவரங்களை வளர்த்து வந்தார்.

1950களின் நடுப்பகுதியில் இவரது கட்டிடங்கள் மேலும் எளிமையும் துல்லியமும் கொண்டனவாக மாறின. 1955 இல் கோப்பன்ஹேகனில் கட்டப்பட்ட யெஸ்பர்சன் அலுவலகக் கட்டிடமும், 1956 இல் முடிவடைந்த ரோதோவ்ரே நகர மண்டபமும் திரைச்சுவர் முறையில் அமைந்தவை. ரோதோவ்ரே நகர மண்டபத்தின் படிக்கட்டு, கூரையிலிருந்து தொங்கும் மெல்லிய உருக்குக் கம்பிகளால் தாங்கப்படுகிறது. 1957 இல் முடிவடைந்த முங்கிகோர் பள்ளியில் ஒவ்வொரு இரு வகுப்பறைகளுக்கும் தனித்தனி முற்றம் ஒதுக்கப்பட்டது.

தளபாட வடிவமைப்பிலும் இக்காலம் முக்கியமானது. நோவோ மருந்து நிறுவனத்தின் உணவுக்கூடத்துக்காக 1952 இல் இவர் வடிவமைத்த எறும்பு நாற்காலி, இருக்கையும் முதுகுப்புறமும் ஒரே ஒட்டுப்பலகைத் துண்டாக வளைத்துச் செய்யப்பட்டது. இதற்கு மூன்று கால்களே உண்டு. நான்கு கால்கள் கொண்ட வடிவம் இவர் மறைவுக்குப் பின்னரே உற்பத்திக்கு வந்தது. 1955 இல் வெளிவந்த ஏழாம் தொடர் நாற்காலி, பிரிட்ஸ் ஆன்சன் நிறுவனத்தின் மிக அதிகமாக விற்பனையான நாற்காலிகளுள் ஒன்றாக ஆனது. 1956 ஆம் ஆண்டு தொடக்கம் 1965 வரை அரச நுண்கலைக் கழகத்தில் பேராசிரியராகவும் இவர் பணியாற்றினார்.

எஸ்ஏஎஸ் ராயல் ஹோட்டல்

பின்னணி

எஸ்ஏஎஸ் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஸ்கண்டினேவிய வான்வழி நிறுவனம், டென்மார்க், நோர்வே, சுவீடன் ஆகிய நாடுகளின் வான்வழி நிறுவனங்கள் 1946 இல் ஒன்றிணைந்ததால் உருவானது. 1954 இல் இந்நிறுவனம் வட துருவப் பகுதி ஊடாகக் கோப்பன்ஹேகனுக்கும் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கும் இடையே சேவையைத் தொடங்கியது. அமெரிக்காவிலிருந்து வரும் பயணிகளின் தொகை பெருகியது. அவர்கள் எதிர்பார்க்கும் வசதிகளைக் கொண்ட பெரிய ஹோட்டல் ஒன்று தலைநகரில் தேவைப்பட்டது. அத்துடன் நகர மையத்திலேயே விமானப் பயணிகளுக்கான முனையம் ஒன்றும் வேண்டியிருந்தது. இவ்விரண்டு தேவைகளையும் ஒரே கட்டிடத்தில் நிறைவேற்றும் பொறுப்பு யாக்கொப்சனிடம் ஒப்படைக்கப்பட்டது. 1956 க்கும் 1960 க்கும் இடைப்பட்ட காலத்தில் இக்கட்டிடம் வடிவமைத்துக் கட்டப்பட்டது.

தெரிவு செய்யப்பட்ட நிலம், மத்திய தொடர்வண்டி நிலையம், திவோலி பூங்கா, மாநகர மண்டபம் ஆகியவற்றுக்கு அருகே, ஹாமரிக்ஸ்காட் என்னும் தெருவில் அமைந்திருந்தது. தேவாலயக் கூர்ங்கோபுரங்களும் மாநகர மண்டபக் கோபுரமுமே கோப்பன்ஹேகன் நகரின் வான்விளிம்பில் அதுவரை உயர்ந்து நின்றன. வழிபாட்டுக்கோ ஆட்சிக்கோ தொடர்பில்லாத வணிகக் கட்டிடம் ஒன்று அவற்றுடன் போட்டியிட்டு எழுவது நகரத்தாருக்குப் புதிய அனுபவமாக இருந்தது.

வடிவம்

கட்டிடம் இரண்டு பகுதிகளைக் கொண்டது. தெருவை ஒட்டிக் கிடையாக நீண்டு செல்லும் இரண்டு மாடித் தாழ்ந்த பகுதி ஒன்று. அதன்மேல் சுமார் 70 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழும் ஒடுங்கிய கோபுரப் பகுதி மற்றொன்று. தாழ்ந்த பகுதியில் ஹோட்டலின் முகப்புக்கூடம், விமானப் பயணிகள் முனையம், பயண முகவரகம், கடைகள், சிற்றுண்டிச்சாலை முதலிய பொதுப் பயன்பாட்டுக்குரியவை அமைந்தன. விமானப் பயணிகள் இங்கேயே தங்கள் பயண நடைமுறைகளை முடித்துக்கொண்டு பேருந்தில் காஸ்ட்ரப் விமான நிலையத்துக்குச் செல்லலாம். கோபுரத்தில் 275 விருந்தினர் அறைகள் இருந்தன. திறக்கப்பட்டபோது டென்மார்க்கின் மிகப் பெரிய ஹோட்டலாகவும், கோப்பன்ஹேகன் நகரின் முதல் வானளாவியாகவும் இது விளங்கியது.

நியூயார்க்கில் 1952 இல் கட்டி முடிக்கப்பட்ட லீவர் ஹவுஸ் கட்டிடமே இவ்வமைப்புக்கு முன்மாதிரி என்பது பொதுவான கருத்து. அதிலும் தாழ்ந்த கிடைப் பகுதி ஒன்றும் அதன்மேல் எழும் கண்ணாடிக் கோபுரம் ஒன்றும் உள்ளன. ஆனால் லீவர் ஹவுஸ் ஓர் அலுவலகக் கட்டிடம். அதே வடிவத்தை இரவில் மக்கள் உறங்கும் இடமொன்றுக்குப் பயன்படுத்தும்போது, ஒவ்வொரு சிறிய அறையும் தன்னளவில் முழுமையான வாழிடமாக அமையவேண்டிய தேவை எழுந்தது. உள்ளமைப்பு முழுவதையும் யாக்கொப்சன் தம் கையில் எடுத்துக்கொண்டமைக்கு இதுவும் ஒரு காரணம் எனக் கொள்ளலாம்.

திரைச்சுவர்

மரபுவழிக் கட்டிடங்களில் வெளிப்புறச் சுவர்களே மேல் மாடிகளின் சுமையைத் தாங்குகின்றன. திரைச்சுவர் முறையில் சுமை முழுவதையும் உள்ளிருக்கும் கட்டமைப்புத் தாங்குகிறது. வெளிச்சுவர், திரைச்சீலை போல அக்கட்டமைப்பிலிருந்து தொங்கும் மெல்லிய உறை மட்டுமே. காற்று, மழை, குளிர் ஆகியவற்றைத் தடுப்பதும் ஒளியை உள்ளே விடுவதும் அதன் பணி. எஸ்ஏஎஸ் ராயல் ஹோட்டலின் உறை மெல்லிய அலுமினியச் சட்டங்களாலும், சாம்பல் கலந்த பச்சை நிறக் கண்ணாடித் தகடுகளாலும் ஆனது. கோப்பன்ஹேகனின் வானம் அடிக்கடி மாறும் இயல்புடையது. முகில் மூடிய நாட்களில் கோபுரம் வானத்துடன் ஏறக்குறைய ஒன்றிவிடுகிறது. தெளிந்த நாட்களில் முகில்கள் அதன் பரப்பில் தெறித்துத் தெரிகின்றன.

உள்ளமைப்பு

வெளியே நேர்கோடுகளும் செங்கோணங்களுமே ஆட்சி செய்த இக்கட்டிடத்தின் உட்புறத்தில் வளைகோடுகளுக்கு முதன்மை வழங்கப்பட்டது. முகப்புக்கூடத்தில் சுருள் படிக்கட்டு ஒன்று, கூரையிலிருந்து இறங்கும் உருக்குக் கம்பிகளில் தொங்குகிறது. ரோதோவ்ரேயில் பயன்படுத்திய முறையை யாக்கொப்சன் இங்கே வளைவான வடிவத்தில் மேலும் வளர்த்தெடுத்தார். முகப்புக்கூடத்தை அடுத்துக் குளிர்காலத் தோட்டம் என்னும் பகுதி இருந்தது. இரண்டு கண்ணாடிப் பரப்புகளுக்கிடையே ஓர்க்கிட் செடிகள் தொங்கவிடப்பட்டு, அவையே அப்பகுதியின் சுவர்களாக அமைந்தன.

விருந்தினர் அறைகள் அளவில் சிறியவை. சுவர்களில் வெஞ்சே என்னும் ஆப்பிரிக்க மரத்தாலான பலகைகள் பதிக்கப்பட்டன. ஒப்பனை மேசை, கண்ணாடி, விளக்கு ஆகியவை இச்சுவர்ப் பலகைகளோடு இணைக்கப்பட்டு, வேண்டாதபோது மூடிவைக்கத்தக்கவையாக இருந்தன. இதனால் தரையில் இடம் மிச்சமானது. துணிகளுக்குப் பச்சையும் நீலமும் கலந்த நிறங்கள் தெரிவு செய்யப்பட்டன. உள்ளங்கைக்குள் பொருந்துமாறு வளைந்த கதவுக் கைபிடி, சாய்ந்த தலையுடைய வாசிப்பு விளக்கு, சாம்பல் கிண்ணம், குவளை என எல்லாமே ஒரே மொழியில் பேசின எனலாம். 1957 இல் வடிவமைக்கப்பட்ட உணவு மேசைக் கரண்டித் தொகுதியில், இடக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கும் வலக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கும் தனித்தனிக் கரண்டிகள் இருந்தன. இத்தொகுதி பின்னர் 1968 இல் வெளியான 2001: எ ஸ்பேஸ் ஒடிசி என்னும் திரைப்படத்தில், எதிர்காலத்துக்குரிய பொருளாகக் காட்டப்பட்டது.

முட்டை நாற்காலியும் அன்ன நாற்காலியும்

முகப்புக்கூடத்துக்கும் ஓய்வுக்கூடங்களுக்குமாக 1958 ஆம் ஆண்டில் முட்டை நாற்காலியும் அன்ன நாற்காலியும் உருவாயின. அக்காலத்தில் மெத்தை நாற்காலிகள் பொதுவாக மரச் சட்டகம், சுருள்வில், நிரப்பு பொருள் ஆகியவற்றைக் கொண்டு செய்யப்பட்டன. இம்முறையில் எல்லாப் பக்கமும் வளைந்த வடிவத்தைப் பெறுவது கடினம். நோர்வேயைச் சேர்ந்த என்றி கிளைன் என்பவர் நெகிழி நுரையை அச்சில் வார்த்து நாற்காலி ஓடுகளை உருவாக்கும் முறையொன்றைக் கண்டுபிடித்திருந்தார். பிரிட்ஸ் ஆன்சன் நிறுவனம் இதைப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்றது. யாக்கொப்சன் தமது வீட்டின் வாகனக் கொட்டிலில் முழு அளவு மாதிரிகளை உருவாக்கி, வேண்டிய வளைவு கிடைக்கும்வரை அவற்றைச் செதுக்கியும் பூசியும் திருத்தினார் எனக் கூறப்படுகிறது.

முட்டை நாற்காலியின் உயர்ந்த முதுகுப்புறமும் இருபுறச் சிறகுகளும் அமர்ந்திருப்பவரை மூன்று பக்கமும் சூழ்ந்துகொள்கின்றன. பலர் வந்துபோகும் முகப்புக்கூடத்தின் நடுவே ஒருவருக்குத் தனிமையைத் தருவது இதன் நோக்கம். சுழலும் அடித்தளம் இருப்பதால், வேண்டும்போது கூடத்தின் பக்கம் திரும்பிக்கொள்ளவும் முடியும். அன்ன நாற்காலி தாழ்வானது, உரையாடலுக்கு ஏற்றது. இவற்றுடன் துளி நாற்காலி என்னும் சிறிய நாற்காலியும் உருவாக்கப்பட்டது. நீண்டகாலம் பொதுவிற்பனையில் இல்லாதிருந்த இது 2014 இல் மீண்டும் உற்பத்தி செய்யப்பட்டது.

வரவேற்பும் கண்டனமும்

1960 இல் ஹோட்டல் திறக்கப்பட்டபோது, வெளிநாட்டுக் கட்டிடக்கலை வட்டாரங்களில் இது பெரிதும் பாராட்டப்பட்டது. உள்ளூரில் கருத்துக்கள் பிளவுபட்டிருந்தன. கணினித் துளையட்டை என்றும், கண்ணாடிச் சுருட்டுப் பெட்டி என்றும் செய்தித்தாள்களும் நகரத்தாரும் இதனைக் கேலி செய்தனர். நகரின் அழகற்ற கட்டிடம் எதுவென்ற கேள்விக்குப் பலர் இதன் பெயரைக் கூறினர்.

கண்டனங்கள் இரண்டு வகையாக இருந்தன. முதலாவது, கோபுரங்கள் நிறைந்த பழைய நகரின் தோற்றத்தை இக்கட்டிடம் குலைத்துவிட்டது என்பது. இரண்டாவது, பயன்படுத்துபவர் தம் விருப்பப்படி எதையும் மாற்ற இடமில்லாதவாறு எல்லாவற்றையும் ஒருவரே முடிவு செய்துவிட்டார் என்பது. முதலாவது கண்டனம் காலப்போக்கில் மங்கிவிட்டது. இன்று இக்கட்டிடம் நகரின் அடையாளங்களுள் ஒன்று. இரண்டாவது கண்டனமே ஹோட்டலின் பிற்கால வரலாற்றைத் தீர்மானித்தது.

இறுதிக்காலப் பணிகளும் மறைவும்

ஹோட்டலுக்குப் பின்னர் இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் புனித கத்தரீன் கல்லூரியை வடிவமைக்கும் பணி யாக்கொப்சனுக்குக் கிடைத்தது. ஒக்ஸ்போர்ட் கல்லூரி ஒன்றை வெளிநாட்டவர் வடிவமைப்பதா என்ற எதிர்ப்பு அப்போது எழுந்தது. 1964 இல் கட்டிடங்கள் பெரும்பாலும் முடிவடைந்தன. தோட்டத்தில் எந்தச் செடி எங்கே நடப்படவேண்டும் என்பதுமுதல், உணவுக்கூடத்தில் ஆசிரியர்கள் அமரும் உயர்ந்த முதுகுள்ள நாற்காலிகள் வரை அனைத்தையும் இவரே தீர்மானித்தார். 1993 இல் இக்கல்லூரிக் கட்டிடங்களுக்கு இங்கிலாந்தின் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரம் வழங்கப்பட்டது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் 1966 இல் இவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது.

1967 இல் இசுட்டெல்ட்டன் நிறுவனத்துக்காக உருளை வடிவத் துருப்பிடிக்காத உருக்குப் பாத்திரத் தொகுதியையும், அதையடுத்து வோலா என்னும் பெயரில் நீர்க்குழாய்ப் பொருத்துகளையும் வடிவமைத்தார். கோப்பன்ஹேகனில் டென்மார்க் தேசிய வங்கியின் புதிய கட்டிடத்துக்கான போட்டியிலும் வெற்றிபெற்றார்.

வங்கிக் கட்டிட வேலைகள் நடந்துகொண்டிருந்தபோதே, 1971 மார்ச் 24 ஆம் நாள் யாக்கொப்சன் தமது 69 ஆவது வயதில் எதிர்பாராத விதமாகக் காலமானார். முடிவடையாத பணிகளை இவரது அலுவலகத்தில் பணியாற்றிய ஆன்ஸ் டிசிங், ஒட்டோ வைட்லிங் ஆகியோர் ஏற்று நிறைவேற்றினர். தேசிய வங்கிக் கட்டிடம் 1978 இல் முழுமை பெற்றது.

ஹோட்டலின் பிற்கால வரலாறு

ஹோட்டல் என்பது தொடர்ந்து தேய்மானத்துக்கு உள்ளாகும் கட்டிட வகையாகும். துணிகள் கிழிகின்றன, தரைவிரிப்புகள் நைந்துபோகின்றன, விருந்தினர்களின் எதிர்பார்ப்புகள் மாறுகின்றன. எல்லாப் பொருட்களும் ஒன்றோடொன்று பிணைந்த வடிவமைப்பில், ஒன்றை மாற்றினாலும் முழுமை கெடுகிறது. யாக்கொப்சனின் மறைவுக்குப் பின்னர் நடந்த புதுப்பிப்புகளில் அவரது உள்ளமைப்பு சிறிது சிறிதாக அகற்றப்பட்டது. குளிர்காலத் தோட்டம் மறைந்தது. விமானப் பயணிகள் முனையமும் நகர மையத்தில் தனது தேவையை இழந்தது. அறைகளில் பதிக்கப்பட்டிருந்த மரப் பலகைகளும், ஹோட்டலுக்கெனவே நெய்யப்பட்ட துணிகளும் நீக்கப்பட்டன.

இவற்றுக்கு நடுவே, ஆறாம் மாடியிலுள்ள 606 ஆம் இலக்க அறை மட்டும் 1960 ஆம் ஆண்டின் தோற்றத்துடன் பேணப்பட்டது. நீலப்பச்சைத் துணி போர்த்திய நாற்காலிகள், வெஞ்சே மரச் சுவர்ப் பலகைகள், மூடித்திறக்கும் ஒப்பனை மேசை ஆகியவற்றை இவ்வறையில் காணலாம். யாக்கொப்சன் முழுக் கட்டிடத்தையும் எவ்வாறு கற்பனை செய்திருந்தார் என்பதை அறிய விரும்பும் மாணவர்களுக்கு இந்த ஓர் அறையே சான்றாக எஞ்சியுள்ளது. முகப்புக்கூடத்தின் சுருள் படிக்கட்டும், கட்டிடத்தின் வெளித்தோற்றமும் தப்பிப் பிழைத்தன.

ஹோட்டலின் பெயரும் மாறிவந்துள்ளது. எஸ்ஏஎஸ் நிறுவனப் பெயர் நீங்கி ராடிசன் புளூ ராயல் எனப் பெயர்பெற்ற இது, 2018 இல் ராடிசன் கலெக்சன் ராயல் ஹோட்டல் ஆனது. அந்த ஆண்டு நிறைவடைந்த புதுப்பிப்பின்போது, யாக்கொப்சனின் நாற்காலிகளுக்கு மீண்டும் முதன்மை இடம் அளிக்கப்பட்டது.

மதிப்பீடு

யாக்கொப்சன் தம்மை வடிவமைப்பாளர் என்பதைவிடக் கட்டிடக்கலைஞராகவே கருதினார். தளபாடங்களும் விளக்குகளும் இவருக்குக் கட்டிடத்தின் பகுதிகள். ஆனால் இன்று உலகின் பல பகுதிகளிலும் இவரது பெயர் நாற்காலிகள் மூலமாகவே அறியப்படுகிறது. கோப்பன்ஹேகனின் ஒரு முகப்புக்கூடத்துக்காகப் பிறந்த முட்டை நாற்காலி, எண்ணற்ற அலுவலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் இடம்பிடித்துள்ளது. அதற்குரிய இடமாக அவர் எண்ணிய அறைகளோ பெரும்பாலும் இல்லாமற் போய்விட்டன. முழுமையிலிருந்து பிரித்தெடுத்தாலும் தனித்து நிற்கும் வலிமை அப்பொருட்களுக்கு இருந்தது இதற்குக் காரணமாகும்.

பாதுகாப்புத் துறையினருக்கும் இந்த ஹோட்டல் ஒரு பாடமாக அமைந்தது. நவீன கட்டிடங்களைப் பாதுகாக்கும்போது முகப்பை மட்டும் காப்பது போதுமா, உள்ளமைப்பும் கட்டிடத்தின் உயிர்ப்பகுதி அல்லவா என்னும் விவாதங்களில் இது அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

முக்கிய கட்டிடங்கள்

1932 – பெல்வியூ கடற்குளியல் வளாகம், கிளாம்பன்போர்க்
1934 – பெல்லவிஸ்தா வீட்டுத் தொகுதி, கிளாம்பன்போர்க்
1936 – பெல்வியூ அரங்கு, கிளாம்பன்போர்க்
1937 – ஸ்டெல்லிங் கட்டிடம், கோப்பன்ஹேகன்
1941 – ஓர்கூஸ் மாநகர மண்டபம் (எரிக் முல்லருடன்)
1950 – சோகோம் வரிசை வீடுகள், முதல் தொகுதி
1955 – யெஸ்பர்சன் அலுவலகக் கட்டிடம், கோப்பன்ஹேகன்
1956 – ரோதோவ்ரே நகர மண்டபம்
1957 – முங்கிகோர் பள்ளி
1960 – எஸ்ஏஎஸ் ராயல் ஹோட்டல், கோப்பன்ஹேகன்
1964 – புனித கத்தரீன் கல்லூரி, ஒக்ஸ்போர்ட்
1978 – டென்மார்க் தேசிய வங்கி, கோப்பன்ஹேகன் (மறைவுக்குப் பின் நிறைவுற்றது)